ஒப்பாரிக்கு ஒரு சாவு

என் மாமியாருக்குச் சாவு வீடு என்றால் உயிர். இப்படிச் சொல்வது நன்றாக இல்லைதான். ஆனால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். யார் வீட்டில் எழவு விழுந்தாலும் முதலில் தப்படிக்கிறவருக்குச் சொல்லி அனுப்புவார்கள், அடுத்து என் மாமியாருக்கு. அவர் போய் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் அடியை எடுத்தால் போதும். அதுவரை மூக்கைச் சிந்திக்கொண்டு சும்மா இருந்த பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். செத்தவரோடு பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள்கூட அழுவாள். மலாயாவில் சிகாமட் டவுனைச் சுற்றி இருந்த நாலைந்து தோட்டங்களில் அந்தக் குரலுக்குப் பெயர் இருந்தது.

நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது. நான் அடுப்பு மூட்டினால் புகை அதிகம், குழம்பு வைத்தால் புளி அதிகம். எனக்கோ அவர் பாட்டைக் கண்டால் ஆகாது. மத்தியானம் வேலை முடிந்து வந்து துணி துவைக்கும்போது ஒப்பாரி மெட்டை முணுமுணுப்பார். எனக்கு எரிச்சலாக வரும். இந்த வீடு விளங்குமா என்று என் புருஷனிடம் கேட்டிருக்கிறேன். "அவங்க சந்தோஷமா இருந்தா அப்படித்தான் பாடுவாங்க, விடு" என்று சிரிப்பார் அவர்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி சிங்கப்பூர் பக்கம் போனவர் போனவர்தான். பால் எடுக்க ரப்பர் மரத்தைக் கீறி வெட்டும் வேலை பாதியாகக் குறைந்து, மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். ரேஷன் அரிசியில் சுண்ணாம்பு வாடை அடித்தது. கொஞ்ச நாளில் அதுவும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வைத்து, அர்த்தம் தெரியாத ஜப்பான் பாட்டு ஒன்றைப் பாட வைத்தார்கள். வாயை மட்டும் அசைத்தால் கன்னத்தில் அறை விழும். கோயிலில் சனிக்கிழமை தவறாமல் நடந்த பஜனை நின்றுபோனது. ஆர்மோனியத்தைக் கரையான் தின்றது. அதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் தெம்பில்லை.

மறு வருஷம், சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாசம்தான் என்று ஆபீசில் சொன்னார்கள். பெரட்டுக்களத்தில் பெயர் வாசித்தார்கள். வாசித்த பெயரை வீட்டுக்குத் திரும்ப விடாமல் அங்கேயே லாரியில் ஏற்றினார்கள். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில் மட்டும் பதினோரு ஆண்கள். அதில் என் புருஷனும் ஒருவர். பால்வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, "அம்மாவ பாத்துக்க. சாப்புடாம கெடப்பாங்க, விட்டுடாத" என்றார். எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தில் லாரி திரும்பும்வரை நின்று பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கோபத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று மாசம் ஆனது. ஐந்து ஆனது. ஒரு கடிதாசி இல்லை. தப்பித்து வந்தவர்கள் சொன்ன கதைகள்தான் தோட்டம் தோட்டமாகச் சுற்றின. பேதி, புண், காட்டில் குவித்து எரிப்பது என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். அத்தை எதையும் காதில் வாங்கவில்லை. அவர் செய்தது ஒன்றுதான். பாடுவதை நிறுத்திவிட்டார். சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, கேட்டேன்.

"புள்ள தூரத்துல இருக்கான். இப்பப் போய் என் வாயில ஒப்பாரி வந்தா, அது அவனத் தேடிப் போயிரும்" என்றார்.

உயிரோடு இருக்கிறவனை நினைத்து ஒப்பாரி வைத்தால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் ஜனங்களுக்குள் இருந்த பயம். நானும் அதை நம்பினேன். 

பாட்டை நிறுத்தியவர் சாப்பாட்டையும் நிறுத்தினார். முதலில் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார், பிறகு காலையில் வேண்டாம் என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் கிழங்கை மசித்து உருட்டி வாயில் வைப்பேன், அது அப்படியே கன்னத்தில் ஒதுங்கி நிற்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் வந்து பார்த்தார். "ஒடம்புல ஒண்ணும் இல்ல. மனசு விட்டுப்போச்சி. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல, இருந்தாலும் ஜப்பான்காரன் எடுத்துட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் புருஷன் திரும்பி வரும்போது அம்மா எங்கே என்று கேட்பார், நான் என்ன சொல்வேன்? அந்தக் கேள்விதான் எனக்கு. வேறு எந்தக் கேள்வியையும் நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் எதிர்லயத்தில் ஒரு அம்மா காய்ச்சலில் செத்துப்போனார். அத்தையோடு ஒன்றாகப் பால்மரம் வெட்டப் போனவர். அவர் மகள் தலைவிரி கோலமாக வந்து அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு நீங்க வந்து ரெண்டு வரி அழலன்னா அது போகவே போகாது, வாங்கம்மா" என்றாள். அத்தை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை. கடைசியில் நான் ஒரு கையும் அவள் ஒரு கையுமாகத் தூக்கிக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தோம். அத்தை எலும்புக்கூடாக இருந்தார். இவராவது பாடுவதாவது என்று நினைத்தேன்.

முதலில் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. பிறகு வந்தது. செத்தவரைத்தான் பாடினார். அவர் நட்ட முருங்கை, அவர் வளர்த்த ஆடு, அவர் கட்டாமல் வைத்திருந்த பச்சைப் புடவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் சயாமுக்கு ஆள் கொடுத்தவர்கள். அவர்களும் என் அத்தையைப் போலவே வாயை மூடிக்கொண்டு கிடந்தவர்கள்தான். இன்னொருத்தி சாவில் நம் துக்கத்தைக் கரைத்துக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். மார் சிவக்க அடித்துக்கொண்டார்கள். அத்தையின் பாட்டு மகன் பக்கம் போகும், வாசல்வரைக்கும் போகும், சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு செத்தவரிடமே திரும்பிவிடும். பக்கத்தில் இருந்த எனக்கு அது தெரிந்தது.

மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து, "கிழங்கு இருக்கா?" என்று கேட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். வெளியே குழாயடியில் பெண்கள் அழுது கட்டிப்போன குரலில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல மாசமாக அந்த லயத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. பாட்டுக்கு ஆளைத் தூக்கி நிறுத்துகிற சக்தி உண்டு என்று யாராவது இன்றைக்குச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அது இரண்டு வாரம்தான் தாங்கியது. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். அப்புறம் கீழ்லயத்தில் ஒரு சாவு, எழுந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு, நடந்தே போய்ப் பாடிவிட்டு வந்து இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தார். எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. சாவு விழுந்தால் அத்தை பிழைப்பார். விழாவிட்டால் இல்லை. காலையில் எழுந்ததும் யார் வீட்டில் என்ன சத்தம் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். டிரஸரிடம் போய், இன்னாருக்கு எப்படி இருக்கிறது, அன்னாருக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பேன். எனக்கு எவ்வளவு இளகிய மனசு என்று அவர் மெச்சினார். யாருக்காவது குணமாகிவிட்டது என்று கேட்டால் எனக்கு முகம் வாடும். இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் நடந்தது இதுதான்.

பெருமழை ஆரம்பித்தது. ஆறு கரை புரண்டு டவுனுக்குப் போகும் பாதையில் பாதி தண்ணீரில் நின்றது. அந்த மாசம் பார்த்து எமன் எங்கள் தோட்டத்தை மறந்துவிட்டான். ஒரு சாவு இல்லை. அத்தைக்குக் காலில் புண் வைத்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. இன்னும் நாலு நாள் தாங்கினால் அதிகம் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

அவருக்கு மற்றவர்கள் சாவு போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் மகன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாரே, அந்த வாசல் திறந்தால்தான் பிழைப்பார். அதைத் திறக்க என்னிடம் ஒரே வழிதான் இருந்தது.

டவுனுக்குப் போய் ரேஷன் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டவுனுக்குப் போகவில்லை. லயத்துக்குப் பின்னாலேயே, ரப்பர் ஷீட் காயப் போடாமல் பாழடைந்து கிடந்த புகைக்கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். என் புருஷனைக் கொல்லுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, டவுன் சந்தையில், பாசாரில், வேறு தோட்டத்து ஆள் ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னேன். சயாமிலிருந்து ஓடி வந்தவராம், என் புருஷன் செத்ததைக் கண்ணால் பார்த்தாராம், பேதியாம் என்றேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைக் கீழே இறக்கி என்னைக் கால்வரைக்கும் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

மூன்று நாள் பாடினார். உடல் இல்லாததால் பலகையில் என் புருஷனுடைய சட்டையை விரித்து, தலைப்பக்கம் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருந்தோம்.

"ரயிலேறிப் போனவனே ராசா, நீ
ரெண்டு வார்த்த சொல்லலியே
பாதி வெட்டு மரத்துல நிக்க, உன்
பால்வாளி காஞ்சிருக்கே"

என்று அவர் எடுத்தபோது லயமே வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. மற்ற பத்து வீட்டுப் பெண்களும் அவரவர் புருஷனுக்கு, மகனுக்கு என்று அந்தப் பாட்டுக்குள் அழுதார்கள். எங்கள் வீட்டுச் சாவு எல்லோருக்கும் பொதுவாகிப் போனது. பக்கத்துக் கிராமத்து, கம்பத்து மலாய்க்காரர் ஒருவர் மழையில் நனைந்துகொண்டு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சொல்லப்போனால் அந்த மூன்று நாளும் எங்கள் லயத்தில் கல்யாண வீட்டுக் களை இருந்தது. பசி மறந்து, ஜப்பான்காரன் மறந்து, எல்லோரும் ஒரு குரலில் கிடந்தார்கள். நான் மட்டும் அழவில்லை. பொய்க்கு எப்படி அழுவது? கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பதினாறாம் நாள் என் தாலியை அறுத்தார்கள். தங்கப் பொட்டு முன்பே அரிசிக்குப் போய்விட்டது, கழுத்தில் இருந்தது மஞ்சள் துண்டு கோத்த கயிறுதான். அதை எடுக்க இரண்டு விநாடி ஆனது. வெள்ளைப் புடவை கட்ட வேண்டும் என்றார்கள். ஊரிலேயே புடவை கிடையாது, எல்லோரும் சாக்கைத்தான் சுற்றிக்கொண்டு இருந்தோம். சாக்குக்குச் சுமங்கலி, விதவை என்று வித்தியாசம் தெரியாது. சட்டையை ஆற்றில் விட வேண்டும் என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு, அதைச் சுருட்டி எடுத்து வைத்து நானே போட்டுக்கொண்டேன்.

அத்தை பிழைத்தார். புண் ஆறியது. மண்வெட்டி எடுத்துப் பாத்தி கட்டினார், மரவள்ளி நட்டார், துணி துவைக்கும்போது பழையபடி முணுமுணுக்கவும் செய்தார். என் சாமர்த்தியம் பலித்துவிட்டது. நான்தான் அதற்குள் செத்துக்கொண்டிருந்தேன். காலையில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் நான் உள்ளே போய்விட வேண்டும். வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள். அதெல்லாம் போகட்டும். பொட்டில்லாத நெற்றியோடு புருஷன் வருவார் என்று தினமும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்தத் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான். அதை யாரிடமும் சொல்ல முடியாது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தேன்.

ஜப்பான்காரன் தோற்றான். சயாமில் மிஞ்சியவர்கள் ரயிலில் வருகிறார்கள் என்று சேதி வந்தது. மற்ற பத்து வீட்டுப் பெண்களும் தலை வாரி, கிடைத்ததைக் கட்டிக்கொண்டு சிகாமட் ஸ்டேஷனுக்குப் போனார்கள். நான் வாசலில் நின்று அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்த வீட்டுக்காரி எந்த முகத்தோடு ஸ்டேஷனுக்குப் போவாள்?

"நீ போகலியா?" என்று உள்ளேயிருந்து அத்தை கேட்டார்.

"நான் எதுக்குப் போவணும்?"

"போ. டவுனுக்குப் போனேன்னு சொன்ன அன்னிக்கி வழி பூரா முட்டி ஆழச் சேறு. நீ வந்து நின்னப்ப உன் கால்ல பொட்டுச் சேறு இல்ல."

"தெரிஞ்சே பாடுனீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"எந்தாலிய அறுக்கறப்ப பக்கத்துல தானே நின்னீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா பாட்டு நின்னுருக்கும்" என்றார் அத்தை. "நிறுத்த முடியல புள்ள. சோத்துப் பசி மாதிரி இருந்திச்சி."

கையில் அகப்பட்ட சட்டியைப் போட்டு உடைத்தேன். என்னென்னவோ கத்தினேன்.  அவர் சட்டிச் சில்லுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். அப்புறம் ஒரு செங்கல் துண்டை உரசி, அந்தப் பொடியைக் குழைத்து என் நெற்றியில் பொட்டு வைத்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

என் பொட்டைப் பார்த்து மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒன்பது நாள் போனோம். கூட்ஸ் வண்டியிலிருந்து இறங்கியவர்களைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. எங்கள் லயத்துப் பதினோரு பேரில் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் என் புருஷனோடு ஒரே கொட்டகையில் கிடந்தவர். இறங்கிய அன்றைக்கு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் காலையில் கம்பு ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"போன தைப்பூசம் கழிச்சி நாலாம் நாள்" என்றார். "நாந்தான் பொதச்சேன். கடைசி வரைக்கும் தெம்பாத்தான் இருந்தான். வீட்டுல ரெண்டு பேரு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க, நான் போயிருவேன், போயிருவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். மத்தவங்களுக்கும் அவந்தான் தைரியம் சொல்லுவான்."

போன தைப்பூசம். நாங்கள் பலகையில் சட்டை விரித்துப் பாடியது அதற்கும் முந்தின தைப்பூசத்துக்கு முன்னால், அந்தப் பெருமழையில். நாங்கள் அழுது முடித்து, தாலி அறுத்து, மரவள்ளி நட்டுத் தோண்டித் தின்ற பிறகும் அவர் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார். நாங்கள் காத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் இருந்திருக்கிறார். அத்தை விரல் விட்டு மாசத்தை எண்ணினார். எண்ணி முடித்துக் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

சேதி கேட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. "அதான் எல்லாம் செஞ்சாச்சே" என்றாள் ஒருத்தி. "ரெண்டாந்தரம் செய்யக் கூடாது" என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் வீட்டிலும் சாவு இருந்தது.

நான் அத்தையைப் பார்த்தேன். பாடுங்க என்று சொன்னேன், கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் வாயைத் திறந்தார். இரண்டு மூன்று தடவை திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"இருந்த பாட்டெல்லாம் அன்னிக்கே பாடிட்டேன்" என்றார்.

எனக்குப் பாட வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பாட்டை வெறுத்தவள் நான், ஒரு வரிகூடக் கற்றுக்கொள்ளவில்லை. என் புருஷன் நிஜமாகவே செத்த சேதி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வெளியே போகவில்லை. மத்தியானம் கிழங்கு அவித்தேன். அத்தை இரண்டு துண்டு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன்.